குழந்தையின் பின்னால் நின்றவள்

இலண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி சங்கீதா என்றொரு பிள்ளை இருக்கிறாள். ஹெல்த் விசிட்டர் வேலைக்குப் படித்து, போன வருடம்தான் சேர்ந்தவள். நான் ஓய்வு பெறும்வரை பார்த்த அதே வேலை. கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போவது, நிறை பார்ப்பது, ஊசிக்கு நாள் சொல்வது, தாய் சாப்பிடுகிறாளா, ஒளித்திருந்து அழுகிறாளா என்று கவனிப்பது. சென்ற மாதம் ஒரு பின்னேரம் வந்து, பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகக் கேட்டாள்.

“அன்ரி, நீங்கள் எல்லாம் பிள்ளையின்ர முதுகுக்குப் பின்னால நிண்டு கிலுக்கி ஆட்டித்தான் காது பாத்தனீங்களாம். உண்மையோ?”

“ஓம், உண்மைதான்” என்றேன்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இப்போது குழந்தை பிறந்து ஒன்றிரண்டு நாளில், அது தூங்கும்போதே காதுக்குள் மெல்லிய முனை ஒன்றை வைத்து மெஷின் பார்த்துவிடுகிறது. கிலுக்கி என்கிற கிலுகிலுப்பையை ஆட்டிய கதை அவளுக்குக் கற்காலக் கதை. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தக் கிலுக்கியின் கதையில் ஒரு பகுதியை அவளுக்கு நான் சொல்லவில்லை. யாருக்கும் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுபதுகளில் தாதிப் பயிற்சிக்கு வந்தவள். அந்த ஆண்டுகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கட்டில் விரிப்பின் மூலைகளை மடித்தேன், மலச்சட்டி கழுவினேன், குளிரில் அழுதேன், பாஸ் பண்ணினேன், கலியாணம் கட்டினேன். எண்பதுகளின் நடுவில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிளினிக்கில் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்தேன். என் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பகுதியில் அப்போது கொலம்பியா, எக்குவடோர், பொலிவியா என்று தென்னமெரிக்காவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். பெரும்பாலும் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. விடியற்காலையில் முதல் பஸ்ஸில் போய், மற்றவர்கள் வேலைக்கு வருமுன் தேய்த்து முடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் காலையில் வேலைக்கு வரும்போது, எதிர்த்திசையில் வரும் பஸ்களின் ஜன்னல்களில் அவர்களுடைய நெற்றிகள் சாய்ந்திருக்கும். கண்ணாடியில் மூச்சுப் புகை படிந்து, முகங்கள் தெரிந்தும் தெரியாமலும் போகும். பகலில் வேலை பார்க்கும் இலண்டனுக்குள் தூக்கத்தில் நடக்கும் இன்னொரு இலண்டன் இருப்பது போல எனக்குத் தோன்றும். ஒன்பதரை மணிக்கு அதே பெண்கள் நிலத்துக்குப் பூசும் மெழுகு மணக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருவார்கள். வராதவர்களைத் தேடி நான் போவேன்.

ஒரு அறையில் நாலு பேர், ஐந்து பேர். சுவரில் ஈரம் ஊறிக் கறுத்திருக்கும். பிள்ளைகளுக்கு ஓயாத இருமல். டொக்டரிடம் பேர் பதியச் சொன்னால் தலையை ஆட்டுவார்கள், பதிய மாட்டார்கள். பேர் எழுதிய எந்தத் தாளும் கடைசியில் குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஆபீஸுக்குப் போய்ச் சேரும் என்ற பயம். கதவைத் தட்டினால் உள்ளே ரேடியோ சட்டென்று நிற்கும். என் நீலக் கோட்டையும் கறுத்தப் பையையும் பார்த்தால் அதிகாரி வந்தது போல இருக்கும். எனக்கு அந்தப் பயம் விளங்கும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு என் அண்ணையின் குடும்பம் எங்கள் முன்னறையில் ஒன்றரை வருடம் அதே பயத்தோடு கிடந்தது. அந்தத் தென்னமெரிக்கக் குழந்தைகளின் கையில் கண்ணூறு படாமல் கட்டிய கறுத்த மணியைப் பார்த்தால் எங்கள் பிள்ளைகளின் கறுத்த வளையல்தான் ஞாபகம் வரும். இவர்களை எனக்குத் தெரியும், என்னைவிட இவர்களை யார் விளங்கப்போகிறார்கள் என்று ஒரு எண்ணம் எனக்குள் வளர்ந்துவிட்டது. அதுதான் கேடாக முடிந்தது.

பாஷைக்கு இரேனே இருந்தாள். சிலி நாட்டுக்காரி. அங்கே பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது தப்பி வந்த பள்ளிக்கூட ரீச்சர். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒரு தேவாலய மண்டபத்தில் இந்தத் தாய்மாரைக் கூட்டி வைத்திருப்பாள். காலைத் துப்புரவுக்கும் மாலைத் துப்புரவுக்கும் நடுவே அவர்களுக்குக் கிடைக்கும் மூன்று மணித்தியாலம் அது. என்னோடு கிளினிக்குக்கும் வீடுகளுக்கும் வந்து மொழிபெயர்ப்பாள். அவளும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசினோம். இருந்தாலும் அவர்கள் எல்லோரும் பேசியதை என் வாயில் வருகிற தமிழிலேயே எழுதுகிறேன். என் ஞாபகத்தில் அவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இனி மிஸஸ் டெவ்லின். எங்கள் மேலதிகாரி. ஐரிஷ்காரி, ஒல்லி, வருடம் முழுக்க ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. குரலை உயர்த்தியதை ஒருநாளும் கேட்டதில்லை. நாம் ஏதாவது சொன்னால் உடனே பதில் வராது. பேனையின் மூடியை எடுத்து மெதுவாக மாட்டி, அது ‘டிக்’ என்று பொருந்திய பிறகுதான் வாய் திறப்பா. அந்த ‘டிக்’ கேட்கும்வரை நாங்கள் பேனையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

காது பார்க்கும் வித்தையை அவதான் எங்களுக்குப் பழக்கினா. குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆகும்போது செய்கிற சோதனை. இரண்டு பேர் வேண்டும். தாய் கதிரையில் இருந்து குழந்தையை மடியில் நேராக வைத்துக்கொள்வாள். ஒருத்தி முன்னால் முழங்காலில் இருந்து ஒரு சின்ன விளையாட்டுச் சாமானைக் காட்டுவாள். குழந்தையின் கண் அதில் ஊன்றியதும், சாமானைக் கையால் மூடிவிடுவாள். குழந்தை ‘இனி என்ன?’ என்று காத்திருக்கும் அந்த ஒரு கணத்தில், மற்றவள் பின்னால் மூன்று அடி தள்ளி, பக்கவாட்டில், காதின் மட்டத்தில் மெல்லிய சத்தம் ஒன்றை எழுப்புவாள். கிலுக்கியை இரண்டு விரலால் அசைப்பது. கரண்டியால் கோப்பையின் விளிம்பைத் தடவுவது. ‘ஸ்ஸ்’ என்பது. அடித்தொண்டையில் ‘ஊ’ என்று முனகுவது. குழந்தை தலையை முழுதாகத் திருப்பிச் சத்தம் வந்த இடத்தைப் பார்க்க வேண்டும். வலது பக்கம், பிறகு இடது பக்கம்.

மிஸஸ் டெவ்லின் எங்களைக் குழந்தையின் இடத்தில் கதிரையில் இருத்திவிட்டுப் பின்னால் நின்று பழக்கினா. ரப்பர் அடி வைத்த சப்பாத்து. வளையல், மோதிரம், சென்ட் ஒன்றும் ஆகாது. வெயில் விழும் பக்கம் நிற்கக் கூடாது, நிழல் காட்டிக்கொடுக்கும். கம்பளத்துக்கு அடியில் பலகை கிறீச்சிடும் இடங்களுக்கு மேல் சுண்ணக்கட்டியால் குறி போட்டிருந்தா.

“அந்த அறையில நீர் இல்லை. விளங்குதோ? சத்தம் மட்டும்தான் இருக்கு. பிள்ளை திரும்ப வேண்டியது சத்தத்துக்கு, உமக்கு இல்லை” என்பா.

கடைசியாக ஒரு படி. சத்தத்துக்கெல்லாம் குழந்தை திரும்பினாலும், நடுவில் ஒருதரம் அதே இடத்துக்குப் போய் ஒன்றுமே செய்யாமல் நின்றுவிட்டு வர வேண்டும். அப்போதும் குழந்தை திரும்பினால், அது திரும்புவது வேறு எதற்கோ. “சும்மா நிக்கிறதுதான் இந்தச் சோதனையில பெரிய வேலை” என்பது அவவின் வாக்கு.

எனக்கு அந்த அறை பிடிக்கும். ஜன்னலுக்குத் தடித்த திரை, தரைக்குக் கம்பளம். கதவைச் சாத்தியதும் இலண்டன் எங்கேயோ தூரத்தில் போய்விடும். பால் மணக்கும் சின்னத் தலை ஒன்று, அதன் பின்னால் நான், என் விரல்களுக்குள் கிலுக்கியின் மணல் நகரும் ஓசை. என் மூச்சைக்கூட நான் கேட்பேன். சில நாட்களில் உண்மையிலேயே நான் அங்கே இல்லை என்று தோன்றிவிடும். நான் அதில் கெட்டிக்காரி என்று பேர் எடுத்தேன். அந்தப் பேர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

காது பார்க்கும் நாள் வெள்ளிக்கிழமை காலை. எனக்கு வெள்ளிக்கிழமை முழுக்கு நாள். விடிய எழும்பி முழுகி, காஸ் அடுப்பில் கரித்துண்டைக் கனலாக்கி, சட்டியில் போட்டு, சாம்பிராணி தூவி, அந்தப் புகையில் தலையைக் காயவைப்பேன். எங்கள் சின்னக் குசினி முழுக்கப் புகையாகும். என் கணவர் ஜன்னலைத் திறந்துகொண்டு இருமுவார்.

“இஞ்சரும், நீர் வேலைக்குப் போறீரோ, கோயிலில பூசைக்குப் போறீரோ?”

“இரண்டுக்கும்தான்” என்று சொல்லிவிட்டு, பின்னலைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். கிளினிக்கில் வளையல்களைக் கழற்றிச் சாசரில் வைப்பேன். சென்ட் நான் பூசுவதே இல்லை. தலைமயிரின் வாசம் எனக்கு வாசமாகவே தெரியவில்லை. அது என் தலை, அவ்வளவுதான்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மரியேலா வந்தாள். கொலம்பியாக்காரி, இருபத்திரண்டு வயதிருக்கும். துப்புரவு மருந்துத் தண்ணியில் வெந்து சிவந்த கைகள். மடியில் எட்டு மாதப் பாவுலா. முன்னால் இருந்து சாமான் காட்டுவதற்குப் பமேலா என்ற இன்னொரு ஹெல்த் விசிட்டர். மரியேலா இருக்க முதலே பேசத் தொடங்கினாள். இரேனே மொழிபெயர்த்தாள்.

“பிள்ளைக்குக் காது கேக்கேல்லை போல இருக்காம். சில நாள் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போறவவாம். நிலம் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில கிடத்தினாலும் நித்திரையாம். நல்ல பிள்ளை, கரைச்சல் இல்லாத பிள்ளை எண்டு கூட வேலை செய்யிறவை சொல்லுகினமாம். தனக்குப் பயமா இருக்காம்.”

நான் சோதனையைத் தொடங்கினேன். பமேலா மரத்தாரா வாத்துப் பொம்மை ஒன்றைக் காட்டி மூடினாள். நான் வலது பக்கம் போய்க் கிலுக்கியை அசைத்தேன். பாவுலா திரும்பினாள். சும்மா திரும்பவில்லை, என்னைத் தேடிக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு திரும்பினாள். இடது பக்கம் போனேன். திரும்பினாள். ‘ஸ்ஸ்’ என்றேன், ‘ஊ’ என்றேன். ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு. இவ்வளவு அழகாகத் திரும்பிய குழந்தையை நான் கண்டதில்லை.

சும்மா நிற்கும் படி மிச்சம் இருந்தது. நான் மரியேலாவின் முகத்தைப் பார்த்தேன். கழுத்து நரம்பு துடிக்க, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நல்ல செய்தி சொல்ல எனக்கு அவ்வளவு ஆசை. இனி எதற்கு என்று நானே தீர்மானித்தேன். அந்தப் படியை விட்டுவிட்டேன்.

“தங்கமான காது” என்றேன். “முதல் பிள்ளைக்காரியள் எல்லாரும் இப்பிடித்தான் பயப்பிடுறவை.”

மரியேலா மெதுவாக எதையோ கேட்டாள்.

“சரியாப் பாத்தனீங்களோ எண்டு கேக்கிறா” என்றாள் இரேனே.

நான் சிரித்தேன். அவளுடைய தோளில் தட்டி, “என்னைவிட ஆர் சரியாப் பாக்கிறது?” என்றேன். இரேனே அதை எப்படி மொழிபெயர்த்தாள் என்று தெரியாது. மரியேலா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் அட்டையில் சரி போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் கிளினிக்குக்கு வரவில்லை. நான் இரண்டு தரம் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே சத்தமில்லை. இடம் மாறியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் அடிக்கடி இடம் மாறுகிறவர்கள்தானே.

ஐந்து மாதம் கழித்து, மாரிகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், இரேனே என்னைத் தேவாலய மண்டபத்துக்குக் கூப்பிட்டாள். பிள்ளைகளின் இருமலைப் பற்றியும் சுவர் ஈரத்தைப் பற்றியும் தாய்மாருக்குப் பேச வேண்டும். உயரமான ஜன்னல்கள் உள்ள பழைய மண்டபம். குளிர்காலத்து வெயில் சரிந்து விழுந்து, தரையில் நீளமான மஞ்சள் கட்டங்கள். ரேடியோவில் ஏதோ மெல்லிய பாட்டு. குசினிப் பக்கம் சோளமா அடை சுடும் மணம். பாய்களில் குழந்தைகள் தவழ்ந்து திரிந்தார்கள். நான் பேசி முடித்து, அரைத் தூக்கமாக ஒரு கதிரையில் இருந்தேன். அந்த வெளிச்சத்தில் எல்லாமே மிதப்பது போல இருந்தது.

யாரோ தகரத் தட்டங்களின் அடுக்கைக் கை தவறிப் போட்டார்கள். மண்டபமே அதிர்ந்தது. நான் துள்ளி எழும்பினேன். குழந்தைகள் எல்லாம் திடுக்கிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வீரிட்டன.

ஒரு குழந்தை மட்டும் அழவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயில் கட்டத்துக்குள் தனியாக இருந்தது. ஒளியில் பறக்கும் தூசியைப் பிடிக்கக் கையை நீட்டி, மூடி, திறந்து பார்த்தது. தலை அசையவே இல்லை. பாவுலா.

நான் ரப்பர்ச் சப்பாத்தோடு அவளுக்குப் பின்னால் மெதுவாகப் போனேன். மூன்று அடியில் நின்றேன். கொஞ்சம் குனிந்தபோது என் பின்னல் தோளால் வழுகி முன்னுக்கு விழுந்தது. பாவுலாவின் கை நின்றது. மூக்கைச் சற்று உயர்த்தினாள். பிறகு வலது பக்கமாகத் திரும்பி என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். நான் பின்வாங்கி, அவள் தூசிக்குத் திரும்பும்வரை காத்திருந்து, இடது பக்கம் போய் நின்றேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். மறுபடியும் மூக்கு. மறுபடியும் அந்தச் சிரிப்பு.

பின்னலின் நுனியைத் தூக்கி என் மூக்கில் வைத்தேன். சாம்பிராணி.

அன்று காலையில் எழுந்ததிலிருந்து அந்த வாசம் என்னோடுதான் இருந்தது. அப்போதுதான் முதல்தரம் மணந்தேன். நிமிர்ந்தபோது குசினி வாசலில் மரியேலா நின்றுகொண்டிருந்தாள். நான் செய்ததையெல்லாம் பார்த்திருக்கிறாள். அவளுடைய முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் காது கேட்காது என்பது அவளுக்கு ஐந்து மாதமாகத் தெரிந்த விஷயம். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.  கோட்டை எடுத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்கு நடந்தேன்.

மிஸஸ் டெவ்லின் வீட்டுக்குப் போக ஆயத்தமாக இருந்தா. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விட்ட படியையும் சொன்னேன். அவ பேனையை எடுத்தா. மூடி ‘டிக்’ என்று பொருந்த அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட நேரம் எடுத்தது.

“எத்தினை வெள்ளிக்கிழமை?”

“இரண்டு வருசம்.”

கண்ணை மூடித் திறந்தா. “உம்மட தலையில அந்த வாசம் எனக்கும் தெரியும். நல்ல வாசம் எண்டு நினைச்சிருக்கிறன். கூந்தலைப் பற்றி யோசிக்கேல்லை. அது என்ர பிழை. சும்மா நிக்காமல் விட்டது உம்மட பிழை.”

“ஓம்.”

“இரண்டு வருசமா வெள்ளிக்கிழமை நீர் பாத்த பிள்ளையள் எல்லாரையும் திரும்பக் கூப்பிடுவம். பமேலா பாக்கட்டும். நீர் அட்டையளை எடுத்துக் குடும். முதல்ல இந்தப் பிள்ளை. நடந்ததை எழுதும். பேனையால எழுதும், பென்சிலால வேண்டாம். எழுதினதைத் தாய்க்கு நீரே போய்ச் சொல்லும். திரும்பக் கூப்பிடுற கடிதம் உமக்கு முந்தி அங்க போய்ச் சேரக் கூடாது.”

அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை இரேனேயைக் கூட்டிக்கொண்டு போனேன். நகரசபைக் குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் நாலாவது மாடியில் ஒரு அறை. இரேனே குரல் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. கட்டில், மேசை, கொடியில் ஈரத் துணிகள், ஜன்னல் முழுக்க மூடுபனிப் புகார். பாவுலா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கதிரையில் இருக்கவில்லை. என் தலையின் வாசத்துக்குத்தான் பிள்ளை திரும்பினாள், நான் சரியாகப் பார்க்கவில்லை, பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன் என்று சொன்னேன்.

மரியேலா பேசத் தொடங்கினாள். முதலில் மெதுவாக. பிறகு நிறுத்தவே இல்லை. இரேனே என்னைப் பார்த்து, “எல்லாத்தையும் சொல்லட்டோ?” என்றாள்.

“ஒண்டையும் விடாமல் சொல்லும்.”

“ஐஞ்சு மாசமா பானையைத் தட்டிப் பாத்தவவாம். காதுக்குள்ள கத்திப் பாத்தவவாம். பாட்டுப் பாடினவவாம். மனுசனுக்குச் சொன்னால், தாதி சொல்லிப்போட்டாதானே, உனக்குத்தான் விசர் எண்டாராம். உண்மையாவே தனக்கு விசரோ எண்டு நினைச்சவவாம். நீங்கள் சிரிச்சனீங்களாம். தோளில தட்டினனீங்களாம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அதோடு என் வேலை முடியவில்லை. பிள்ளையை உடனே ஆஸ்பத்திரியின் காதுப் பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். பேச்சுப் பழகும் வயது இது; கேட்கும் கருவி பிந்திப் போகும் ஒவ்வொரு மாதமும் அவளுடைய பேச்சிலிருந்து போகிறது. அதைச் சொன்னேன்.

மரியேலா தலையை ஆட்டினாள். இல்லை என்று.

“ஆஸ்பத்திரியில பாஸ்போட் கேப்பினமாம்” என்றாள் இரேனே. “மனுசன் ஹெர்னானின்ர விசா முடிஞ்சு போச்சு. அவரைப் பிடிச்சு அனுப்பினால் ஆர் பாக்கிறது? காது இல்லாட்டிலும் பிள்ளைக்குத் தகப்பன் இருக்கட்டும் எண்டு சொல்லுறா.”

முன்னறையில் கிடந்த அண்ணையாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். பாஸ்போட் கேட்க மாட்டார்கள் என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்த நாக்கு நுனிவரை வந்தது. ஒருமுறை நல்ல செய்தி சொல்லப் போய்ச் செய்த கேடு போதும்.

“கேக்க மாட்டினம் எண்டு சத்தியம் பண்ண எனக்கு ஏலாது” என்றேன். “கடிதம் எல்லாம் கிளினிக் விலாசத்துக்கு வரும், இந்த வீட்டு விலாசம் எங்கயும் இருக்காது. எங்கட மிஸஸ் டெவ்லின் அங்க உள்ள டொக்டரோட பேசிப்போட்டா. ஹெர்னான் வரத் தேவையில்லை. நான் உங்களோட வருவன். ஆர் என்ன கேட்டாலும் முதல்ல என்னைத்தான் கேக்க வேணும்.”

மரியேலா என் கையிலிருந்த தாளைக் காட்டி, அதில் என்ன என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிய அறிக்கை. இரேனே வாங்கி, சொல்லுக்குச் சொல் ஸ்பானியத்தில் வாசித்தாள். ‘பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தாய் எட்டாம் மாதத்திலேயே என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. சோதனையையும் முழுமையாகச் செய்யவில்லை. தாமதத்துக்குக் காரணம் நான், தாய் அல்ல.’

மரியேலா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு தாளை வாங்கி, தனக்குத் தெரியாத அந்த எழுத்துகளை விரலால் தடவினாள். ஜன்னலடிக்குப் போனாள். புகாருக்குள் எங்கோ கீழே ஒரு ரயில் போனது. பாவுலா தவழ்ந்து போய்த் தாயின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப போறது?” என்று மரியேலா கேட்டாள்.

அந்த வாரமே இரேனேயோடு போனோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் விலாசத்தைப் பார்த்து, “இது கிளினிக் எல்லோ?” என்றாள். “ஓம்” என்றேன். மரியேலாவின் விரல்கள் என் கோட்டின் கையைப் பிடித்தன. மேசைப் பெண் எங்கள் மூன்று பேரையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முத்திரையைக் குத்தி, இருக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு நான் இன்றும் மனதுக்குள் நன்றி சொல்வதுண்டு.

சத்தம் புகாத அறையில் மறுபடியும் அதே சோதனை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். தலையை இறுக்கக் கட்டி, துணியால் மூடியிருந்தேன். உள்ளே ஒருத்தி பின்னால் நின்று கிலுக்கியை அசைத்தாள். பாவுலா திரும்பவில்லை. பெரிதாக அசைத்தாள். மேளம் போல ஒன்றைத் தட்டினாள். பாவுலா முன்னால் இருந்த பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லோருடைய வாயும் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நானும் அந்தப் பிள்ளையின் உலகத்துக்குள் இருந்தேன். இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்றார் டொக்டர். அழுதது நான்தான். மரியேலா அழவில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் “தெரியும்” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைக் குழந்தைகள் எல்லோரையும் பமேலா திரும்பப் பார்த்து முடிக்கக் கோடை வந்துவிட்டது. மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் காது நன்றாகக் கேட்டது. அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. முழுக்கைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். “அது ஆம்பிளையள் எங்கட முழுக்கு நாள். நீரும் பங்குக்கு வந்திட்டீரோ?” என்று என் கணவர் பகிடி விட்டார்; காரணம் தெரிந்த பிறகு விடவில்லை. ஹெர்னானின் விசா இழுபட்டு இழுபட்டுத் தொண்ணூறுகளில்தான் ஒருவழியாகச் சரிவந்தது.

அதற்கெல்லாம் முன்பு, பாவுலாவுக்குக் காதுக் கருவி போட்டு ஒரு மாதம் இருக்கும். மிஸஸ் டெவ்லின் மரியேலாவையும் இரேனேயையும் தன் அறைக்குக் கூப்பிட்டா. என்னையும் நிற்கச் சொன்னா. பாவுலா காதுக்குப் பின்னால் இருந்த கருவியைப் பிடுங்கி வாயில் வைப்பதும், தாய் துடைத்துத் திரும்ப மாட்டுவதுமாக இருந்தது.

“இப்பிடி ஒண்டு நடந்தால் கேக்க வேண்டியது என்ர கடமை” என்றா மிஸஸ் டெவ்லின். “உங்களுக்கு வேற ஹெல்த் விசிட்டர் வேணுமெண்டால் இண்டைக்கே மாத்திறன். காரணம் சொல்லத் தேவையில்லை.”

மாற்றச் சொல்ல வேண்டும் என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் தண்டனையிலிருந்து தப்ப வேண்டும் போல இருந்தது. மரியேலா என்னைப் பார்க்கவில்லை. மிஸஸ் டெவ்லினைப் பார்த்தே பேசினாள். இரேனே மொழிபெயர்த்தாள்.

“மன்னிச்சிட்டா எண்டு நினைக்க வேண்டாமாம். மன்னிக்கேல்லையாம். ஆனா புதிசா ஒருத்தி வந்தால், அவவும் தன்னை நம்ப மாட்டாவாம். இவ இனி நம்புவாவாம். இவவே வரட்டாம்.”

பேனையின் மூடி மேசையில் அப்படியே கிடந்தது. மிஸஸ் டெவ்லின் அதைத் தொடவில்லை.

மரியேலா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். இரண்டு நாளாகப் பாவுலா பால் குடிக்கும்போது இடது காதைப் பிடித்து இழுக்கிறாள், கருவிக்குப் பின்னால் தோல் சூடாக இருக்கிறது, இது கருவியின் உரசல் இல்லை, உள்ளே ஏதோ இருக்கிறது என்று தனக்குத் தோன்றுகிறது என்றாள். நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, பேனையை எடுத்து, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன்.